மாம்பழமும் கவனக்குறைவு மருந்தும்

மாங்காய்ப் பருவத்தில் சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் தோத்தாபுரிக் கனிகள் லாரி லாரியாகப் பழக்கூழ் ஆலைகளுக்குச் செல்லும். கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறுக்கு மருந்துண்ணும் குழந்தைக்கு மட்டும் அப்பழத்தை மறுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. வைட்டமின் 'சி'யும் புளிப்புப் பழச்சாறுகளும் ஆம்பிட்டமின் என்னும் மருந்து உடலிற் சேர்வதைக் குறைக்கும் என்பது மெய்யே. ஆனால் இந்தியாவில் இக்கோளாறுக்குப் பெரிதும் வழங்கப்படுவது மெத்தில்பெனிடேட். இது பெரும்பாலும் கல்லீரலில் சிதைவதால், சிறுநீரின் அமிலத்தன்மை இதனை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

உண்மையில் கவனிக்க வேண்டியது, இம்மருந்து பசியை மந்தப்படுத்துவதே. காலையில் இட்லியோ உப்புமாவோ வயிறார உண்டபின் மாத்திரை கொடுப்பது நலம். நண்பகல் உணவு மிஞ்சினால், மருந்தின் வேகம் தணிந்த மாலையில் பழமும் சிற்றுண்டியும் அளிக்கலாம். காப்பி, தேநீர் படபடப்பையும் உறக்கமின்மையையும் மிகுவிக்கக்கூடும். வைட்டமின் மாத்திரைகளோ இம்மருந்துக்கு மாற்றாகா. ஆசிரியரோ களப்பணியாளரோ மாதந்தோறும் குழந்தையின் எடையைக் குறித்து வைத்தால், அது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். எடை குறையின், மருந்தைப் பெற்றோர் தாமாக நிறுத்தாது அவரையே அணுகுதல் வேண்டும்.