கத்தும் பெல்ட்டின் வாயை அடைக்காதீர்கள்

காலையில் சாவியைத் திருப்பியதும் பானட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வரும்; தெருமுனை தாண்டுவதற்குள் அடங்கிவிடும். மழை பெய்த மறுநாள் கூடுதலாகக் கத்தும். ஏசியைப் போட்டாலோ, ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தாலோ மறுபடி தொடங்கும். பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய கார் வைத்திருப்பவர்களில் பலர் இதற்குப் பழகிப்போகிறார்கள். பொறுக்க முடியாதவர்களுக்கு ஊரில் கைவைத்தியம் நிறைய இருக்கிறது: பெல்ட்டில் சோப்பைத் தேய்ப்பது, மெழுகுவர்த்தியை ஓட்டுவது, பவுடர் தூவுவது, கடைசியாக பெல்ட் ஸ்ப்ரே. சத்தம் நிற்கிறது, காசும் கைமாறுகிறது. ஆனால் பழுது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுத்த ஒரே சாட்சியை மட்டும் ஊமையாக்கி அனுப்பியிருக்கிறார்கள். ஏன் கத்தியது என்று சொல்லாமல் சத்தத்தை மட்டும் நிறுத்தித் தரும் வேலையைக் கார்க்காரர் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அந்த 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் கேட்க அவருக்குச் சட்டப்படியே உரிமை இருக்கிறது.

முதலில் பெல்ட்டைப் பார்ப்போம். எஞ்சின் சுற்றும் வேகத்தை வாங்கி ஆல்டர்நேட்டரையும் ஏசி கம்ப்ரசரையும் சுற்ற வைப்பது இந்த ரப்பர் பட்டைதான். ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் அதன் பம்பும், பழைய கார்கள் பலவற்றில் தண்ணீர் பம்பும் இதே பட்டையை நம்பித்தான் ஓடுகின்றன. புல்லி சுற்றும் வேகத்துக்குப் பெல்ட் ஈடுகொடுக்காமல் வழுக்கும்போது கீச்சிடுகிறது. ஸ்டார்ட் செய்தவுடன் கத்துவதற்குக் காரணம், இழந்த சார்ஜை பேட்டரிக்குத் திருப்பித் தர ஆல்டர்நேட்டர் அப்போது அதிகமாக இழுக்கிறது. வழுக்குவதற்கோ பல காரணங்கள் உண்டு: தளர்ந்த டென்ஷன், தேய்ந்த பெல்ட், வரிசை தப்பிய புல்லி, மேலே கசியும் ஆயில் அல்லது கூலன்ட், இறுகிக்கொண்டிருக்கும் ஒரு பேரிங். எஞ்சினை அணைத்து பெல்ட்டின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். கண்ணாடி போலப் பளபளத்தால் வழுக்கிச் சூடேறியிருக்கிறது. விரலில் பிசுபிசுப்பு ஒட்டினால் எங்கோ கசிகிறது. ஓரம் மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருந்தால் புல்லி நேராக இல்லை. பழைய நியோபிரீன் பெல்ட்டுகள் குறுக்கே வெடித்துத் தங்கள் வயதைச் சொல்லிவிடும். பின்னால் வந்த இபிடிஎம் ரப்பரில் வெடிப்பு அவ்வளவாக விழாது. டயர் தேய்வதுபோலப் பள்ளங்களுக்குள் சத்தமில்லாமல் தேயும். ஆகவே 'வெடிப்பே இல்லையே, பெல்ட் நல்லாத்தான் இருக்கு' என்ற பேச்சை எல்லா வண்டிக்கும் நம்ப முடியாது. மெக்கானிக்குகள் செய்யும் தண்ணீர்ச் சோதனையும் எளிமையானதுதான். ஓடும் பெல்ட்டின் மேல் தள்ளி நின்று கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சுவார்கள். சத்தம் கூடினால் டென்ஷன் குறைவு. நின்று, காய்ந்ததும் திரும்ப வந்தால் புல்லி வரிசையைச் சந்தேகிக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தால், கரகரப்பவனோ ஆடுபவனோ அகப்பட்டுவிடுவான்.

இந்தச் சோதனைகள் எல்லாம் சேர்ந்து அரைமணி நேர வேலை. அதைத் தவிர்த்து ஸ்ப்ரே அடித்தால் என்ன ஆகும்? அந்தப் பசை தூசியை இழுத்துப் பெல்ட்டை மேலும் கெடுக்கிறது. சில நாளில் சத்தம் திரும்பி வருகிறது, சில நேரம் வராமலே பெல்ட் அறுகிறது. அறுந்ததும் டேஷ்போர்டில் சிவப்பாக பேட்டரி விளக்கு எரியும், ஹைட்ராலிக் வண்டியில் ஸ்டியரிங் திடீரென்று கல்லாகக் கனக்கும். தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில் இருந்தால் கூலன்ட் ஓட்டம் நின்று சில நிமிடங்களில் வெப்பமுள் சிவப்பைத் தொடும். 'அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்' என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும், சிலிண்டர் ஹெட்டே வளையலாம். சின்னக் காருக்குச் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும் பெல்ட், பல்லாயிரம் ரூபாய் எஞ்சின் வேலையாக நிற்கும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சத்தம் போகட்டும் என்று பெல்ட்டை வீணைத்தந்தி போல இறுக்கினால் ஆல்டர்நேட்டர் பேரிங்கும் தண்ணீர் பம்ப் பேரிங்கும் பலியாகும். இன்னொரு ஏமாற்று, கீச்சொலியைக் காட்டி டைமிங் பெல்ட் செட்டையே மாற்றச் சொல்வது. பல் வைத்த டைமிங் பெல்ட் இப்படி வழுக்கிக் கத்தாது. அதை மாற்றும் காலம் வண்டியின் மேனுவலில் கிலோமீட்டர் கணக்கோடு போட்டிருக்கும்.

இங்கேதான் சட்டம் வருகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், காசு வாங்கிச் செய்யும் சேவையில் உள்ள குறையை மட்டும் 'சேவைக் குறைபாடு' என்று சொல்லவில்லை. நுகர்வோருக்குச் சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அதே பிரிவில் சேர்த்திருக்கிறது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் போய்விட்டது என்று தெரிந்தும் ஸ்ப்ரே அடித்து 'சரியாயிடுச்சு சார்' என்று அனுப்புவது இந்த வரையறைக்குள் வரும் என்பது என் வாதம். செய்த வேலைக்கு பில் தராமல் இருப்பதை அதே சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. 'பில் வேணும்னா ஜிஎஸ்டி சேரும், வேண்டாம்னா இவ்வளவுதான்' என்று கேட்டிருப்பீர்கள். அந்தச் சலுகை உண்மையில் உங்கள் ஆதாரத்தை விலைக்கு வாங்குவது. சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள சின்ன வொர்க்ஷாப் பொதுவாக ஜிஎஸ்டியில் பதிய வேண்டியதே இல்லை. அவர் வரி சேர்க்காமலே பில் எழுதலாம்.

பத்து வருஷமாகப் பார்க்கும் தெருமுனை மெக்கானிக்கிடம் ஜாப் கார்டு, பில் என்று கேட்டால் உறவு கெடாதா என்பார்கள். இந்தத் தயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய காரை ஓட வைப்பவர்களே அவர்கள்தான். அவர்கள் மேல் மட்டும் பழி போடவும் முடியாது. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிச் சந்தைக்குத் தாராளமாகத் தராமல் தங்கள் டீலர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டதற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகளுக்குப் போன அந்த வழக்கு, சின்ன வொர்க்ஷாப்புகள் எந்த நிலைமையில் வேலை செய்கின்றன என்பதை வெளியே கொண்டுவந்தது. ஆனால் ஒரு துண்டுத்தாளில் 'பெல்ட் மாற்றம், டென்ஷனர் பேரிங் மாற்றம், கிலோமீட்டர் இவ்வளவு' என்று எழுதிக் கேட்பதில் அவமதிப்பு ஒன்றும் இல்லை. நல்ல வேலைக்காரருக்கு அது பெருமை. நாளை வேறு ஏதோ கெட்டு அவர் மேல் பழி வந்தால் அந்தத் தாள்தான் அவரையும் காக்கும்.

ஒரு பெல்ட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போவார்களா என்பது அடுத்த கேள்வி. பெல்ட்டுக்காகப் போக வேண்டாம். அது அறுந்து எஞ்சின் போனால் போகலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். பல தகராறுகள் பேச்சிலேயே முடியும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, வக்கீல் இல்லாமலே, இணையவழியாகவும் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக்கட்டணம் கிடையாது. குறை நேர்ந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும், உண்மைதான். அதனால்தான் ஆரம்பத்திலேயே தாள் சேர்ப்பது அவசியம். ஆதாரம் உள்ள புகாரை எதிர்த்தரப்பு ஆணையம்வரை விடாமல் முடித்துக்கொள்ளவே பார்க்கும்.

தானே மாற்ற நினைப்பவர் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்கட்டும். எஞ்சின் அணைந்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றக்கூடும். துப்பட்டா, வளையல், தொங்கும் முடி எதுவும் அருகில் வரக்கூடாது. புது பெல்ட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் புல்லிமேல் ஏற்றினால் உள்ளே இருக்கும் நூல் அறுந்து, ஓடத் தொடங்கும் முன்பே அதன் ஆயுள் பாதியாகும். இறுக்கம் கையால் சரிசெய்யும் பழைய வண்டிகளில், இரண்டு புல்லிகளுக்கு நடுவே பெருவிரலால் பலமாக அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தாழ வேண்டும் என்பது பொதுக்கணக்கு. உங்கள் வண்டிக்கான சரியான அளவை மேனுவலில் பாருங்கள். கடையில் வாங்கும் உறையில் தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த மாதமும் வருஷமும், அதிகபட்ச சில்லறை விலை, புகார் எண் அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டஅளவை விதி. இவை இல்லாத பெல்ட் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். மெக்கானிக் மாற்றினால் கழற்றிய பெல்ட்டைக் கேட்டு வாங்கி, பில்லோடு ஒரு கவரில் போட்டு டிக்கியில் வையுங்கள். அந்த 2 வருஷம் முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.