மஞ்சூர் மழைத்தண்ணீருக்கு எத்தனை சட்டம்?

2019 ஆகஸ்டில், மஞ்சூரை அடுத்த அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைப்பதே சுமார் 140 செ.மீ.தான்!

மஞ்சூர் பக்கம் பெய்யும் மழை குந்தா ஆற்றில் இறங்கி, கெத்தை, பில்லூர் என்று அணை அணையாகத் தங்கி, பவானியில் ஓடி, கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் போனது போக மிஞ்சுவது பூம்புகார் பக்கம் கடலைத் தொடும். தண்ணீர் ஒன்றுதான். ஆனால் மலையில் ஒரு சட்டம், ஆற்றில் ஒரு சட்டம், கடற்கரையில் இன்னொரு சட்டம்.

இவற்றில் பழையது 1858-இல் வந்த சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம். பெயரைக் கேட்டாலே பயமாக இருக்கிறதல்லவா? ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் நிலையில் இருந்தால், உடம்பில் தெம்புள்ள கூலி உழைப்பாளிகளை ஊர்த் தலைவர் வேலைக்கு அழைக்கலாம், கூலி உண்டு. மரம், மூங்கில், வைக்கோல், கயிறு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வராதவர், அந்த வேலையின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும். ஊர் தானாகச் செய்துவந்த வேலையைச் சர்க்கார் சட்டப் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1884-இல் ஆறுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆற்றின் எல்லையை அளந்து குறித்து, அதற்குள் கட்டடம் எழுப்புவதையும் மரம் செடி வைப்பதையும் தடுக்க அது அதிகாரம் கொடுத்தது.

கடற்கரைக்கு இப்படி ஒரு கோடு கிடைக்க இன்னும் நூறு வருஷம் ஆனது. 1981-இல் பிரதமர் இந்திரா காந்தி, அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குக் கடற்கரையைக் காக்கும்படி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்த 500 மீட்டர்தான் 1991 பிப்ரவரி 19-ஆம் தேதி, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாக வந்தது.

அந்த அறிவிக்கைக்குப் பெரிய சோதனை நம் டெல்டாவிலிருந்தே போனது. நாகை பக்கம் இறால் பண்ணைகள் பெருகின. கடல்நீரைத் தேக்கியதால் நிலமும் கிணறும் உப்பாயின. வடிகால்களிலும் பண்ணைக் கழிவு கலந்தது. காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை இடிக்கச் சொல்லி 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் 2005-இல் வந்த தனிச் சட்டம், பதிவும் நிபந்தனையும் வைத்து, கடலோரப் பண்ணைகளுக்கு மறுபடி வழிவிட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான், 2004 டிசம்பர் 26-இல், அதே நாகைக் கரையைச் சுனாமி சுருட்டிப் போட்டிருந்தது.

டெல்டாவின் வடிகாலுக்கு இரட்டைச் சிக்கல். வயல் தண்ணீர் வெளியே போக வேண்டும். ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வரக் கூடாது. அதற்காகத்தான் கடைமடையில் ரெகுலேட்டர் வைத்துக் கதவைத் திறந்து மூடுகிறார்கள்.

கரையிலோ, அரிப்பு என்றால் உடனே கல் கொட்டுகிறோம். தமிழகக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வழியில் கல்லோ துறைமுகமோ நின்றால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகத்தால் மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது.

இனி மலைக்கு வருவோம். மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் மலைப் பகுதிகள் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. 1990-இல் மலைப் பகுதி பாதுகாப்பு ஆணையம். அதே வருஷம் அக்டோபரில் கெத்தையில் மலை சரிந்து குடும்பம் குடும்பமாகப் புதைந்தார்கள். 1993-இல் மலை நகரங்களுக்குத் தனிக் கட்டட விதிகள். அப்படியும் 2009 நவம்பர் சரிவுகளில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

மலைச் சட்டம் மரத்தையும் கட்டடத்தையும் பார்க்கிறது. ஆற்றுச் சட்டம் கரையைப் பார்க்கிறது. கடற்கரைச் சட்டம் அலையிலிருந்து மீட்டர் கணக்குப் போடுகிறது. மூன்றுக்கும் நடுவே நகரும் மண்ணுக்கு யார் பொறுப்பு? மஞ்சூர்ச் சரிவில் கரையும் மண் பில்லூர் அணையில் சேறாகப் படிகிறது. கோவைக்குக் குடிநீர் தரும் அணை அது. அங்கே தூர்வார வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, வண்டலும் மணலும் முன்போல வந்து சேராத டெல்டாக் கரையில் லாரி லாரியாகக் கருங்கல் இறங்குகிறது.