ஓய்வுக்குப் பின்னும் சீருடை

இந்திய ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறார்கள். மற்ற அரசு ஊழியர்களுக்குப் பாதிப் பணிக்காலம் மீதமிருக்கும் வயது அது. படை இளமையாக இருக்க இந்த ஏற்பாடு தேவைதான். ஆனால் கட்டுப்பாடும் பயிற்சியும் ஊறிய ஆட்களை அது மிக விரைவில் வெளியே அனுப்பிவிடுகிறது. அவர்களை மீண்டும் பயன்படுத்திக்கொள்ளச் சில வழிகள் உண்டு.

மிகப் பழைய வழி ரிசர்வ். இதற்கான சட்டம் 1888-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பணிக்காலம் முடிந்தவர் குறிப்பிட்ட காலம்வரை ரிசர்வ் பட்டியலில் இருப்பார். நெருக்கடி வந்தால் அழைக்கப்படலாம். அதுவரை அவர் வீட்டில்தான் இருப்பார்.

அன்றாட வேலையாகவே சீருடை அணிய விரும்புகிறவர்கள் நாடுவது 'டி.எஸ்.சி.' எனப்படும் டிஃபென்ஸ் செக்யூரிட்டி கார்ப்ஸ். 1947 பிப்ரவரியில் தொடங்கிய இந்தப் படையின் மையம் கேரளத்தின் கண்ணூரில் இருக்கிறது. வெடிமருந்துக் கிடங்குகள், விமானப்படைத் தளங்கள், கடற்படைத் தளங்கள் ஆகியவற்றைக் காப்பது இதன் பொறுப்பு. முன்பு பெற்ற பென்ஷனோடு மாதச் சம்பளமும் கிடைக்கும். 15 ஆண்டு முடித்தால் இரண்டாவது பென்ஷனுக்கும் வழி உண்டு. வயதானவர்களுக்கான சுலபமான வாசல் காவல் என்று இதை எண்ணிவிடக் கூடாது. 2016 ஜனவரி 2-ஆம் தேதி பதான்கோட் விமானப்படைத் தளம் தாக்கப்பட்டபோது டி.எஸ்.சி. வீரர்கள் ஐந்து பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஜகதீஷ் சந்த் கையில் ஆயுதமே இல்லாமல் ஒரு தீவிரவாதியோடு மல்லுக்கட்டி, அவனுடைய துப்பாக்கியைப் பறித்தே அவனைச் சுட்டு வீழ்த்தினார். அவருக்கு மறைவுக்குப் பின் கீர்த்தி சக்ரா விருது வழங்கப்பட்டது.

மூன்றாவது வழி டெரிட்டோரியல் ஆர்மி. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தப் படையை 1949 அக்டோபர் 9 அன்று தொடங்கிவைத்தவர், அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. வேறு தொழில் பார்த்துக்கொண்டே ஆண்டில் சில வாரம் பயிற்சிக்கு வரும் குடிமக்களுக்கான படை இது. முன்னாள் ராணுவத்தினரும் இதில் சேரலாம். ஆனால் இதன் சுற்றுச்சூழல் பட்டாலியன்கள் வேறு வகை. அவற்றின் பலமே முன்னாள் படைவீரர்கள்தான். அவர்களுக்கு அது முழுநேரப் பணி.

அவற்றில் முதலாவது கர்வால் ரைபிள்ஸைச் சார்ந்த 127-ஆவது பட்டாலியன், 1982 டிசம்பர் 1 அன்று டேராடூனில் அமைக்கப்பட்டது. சுண்ணாம்புக்கல் குவாரிகள் முசூரி மலைகளைத் தோல் உரித்ததுபோல் வெறுமையாக்கியிருந்தன. அங்கே மீண்டும் மரம் வளர்ப்பதே இந்தப் பட்டாலியனின் வேலை. மேல்மண் போய்விட்ட சரிவில் மரக்கன்றை நட்டுவிட்டு வந்தால் அது பிழைக்காது. குழி வெட்ட வேண்டும், மழைநீர் மண்ணை அரித்துப் போகாமல் கல்லணை போட வேண்டும், ஆடுமாடு மேயாமல் காக்க வேண்டும், பட்டுப்போன கன்றுக்குப் பதில் வேறு கன்று வைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அலுக்காமல் அதே சரிவில் நிற்பவர்களால்தான் இது முடியும். அந்த வகையில் படைவீரர்களைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரியான முடிவு.

மறு ஆண்டே ராஜஸ்தானில் 128-ஆவது பட்டாலியன் வந்தது. இந்திரா காந்தி கால்வாயை மணல் மூடாதபடி மணல்மேடுகளில் மரம் வளர்ப்பது அதன் வேலையாயிற்று. தில்லியில் கைவிடப்பட்ட பட்டி சுரங்கப் பகுதிக்கும் பின்னர் ஒரு பட்டாலியன் அனுப்பப்பட்டது. இந்த வீரர்கள் பெரும்பாலும் அந்தந்தப் பகுதியிலிருந்தே எடுக்கப்படுகிறார்கள். இளமையில் தொலைதூர எல்லைகளில் காவல் நின்ற கர்வால்காரர், இரண்டாம் முறை சீருடை அணியும்போது தம் சொந்த மலைகளில் கன்று நடுகிறார்.