சிரிப்புப் படத்துக்குச் சிறை!

மேடையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஜேப்படித் திருடர் போல இருக்கிறார். மற்றவர் முகமூடிக் கொள்ளைக்காரர் போல இருக்கிறார்.

இவர்களில் எம்.எல்.ஏ. யார்? மந்திரி யார்? இதுதான் வேடிக்கை!

1987-ம் ஆண்டு மார்ச் மாதம் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் இந்தப் படம் வந்தது. படித்தவர்கள் சிரித்தார்கள். சட்டசபை சிரிக்கவில்லை.

"சபையின் உரிமை பறிபோய் விட்டது, மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்று குரல் எழுந்தது. ஆசிரியர் எஸ்.பாலசுப்பிரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். ஏப்ரல் மாதம் சட்டசபை அவருக்கு 3 மாதக் கடுங்காவல் விதித்தது. ஒரு சிரிப்புப் படத்துக்காக ஆசிரியர் ஜெயிலுக்குப் போனார்.

நாடெங்கும் கண்டனம் கிளம்பியது. சில நாட்களிலேயே அவர் விடுதலை ஆனார். அத்துடன் அவர் விட்டுவிடவில்லை. கோர்ட்டுக்குப் போனார். 1994-ல் சென்னை ஐகோர்ட்டு, "கைது செய்தது செல்லாது" என்று தீர்ப்புக் கூறியது. நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? ஆயிரம் ரூபாய்! அதை அவர் செலவழிக்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்தார்.

படத்தைக் கண்டு பயம் ஏன்?

எழுத்தைப் படிக்கப் பள்ளிக்கூடம் போக வேண்டும். படத்தைப் புரிந்து கொள்ளக் கண் இருந்தால் போதும். மேலூர்ச் சந்தைக்கு வந்த விவசாயியும் பார்ப்பார். உசிலம்பட்டிப் பாட்டியும் பார்ப்பார். பார்த்தவுடன் விஷயம் விளங்கி விடும். அதனால்தான் பதவியில் இருப்பவர்களுக்குப் படத்தைக் கண்டால் பயம்.

இது நேற்று வந்த பயம் அல்ல. 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழ் கற்பித்தவர் பாரதியார். பிறகு சென்னைக்குப் போய், 1906-ல் தொடங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகையை நடத்தினார். அதில் அரசியல் கேலிச் சித்திரங்களும் வந்தன. வெள்ளைக்காரச் சர்க்காருக்குக் கோபம் வந்தது. 1908-ல் பத்திரிகையின் ஆசிரியராகப் பதிவாகி இருந்தவரைக் கைது செய்தார்கள். பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். பத்திரிகை அங்கிருந்து வந்தது. அதையும் இங்கே நுழைய விடாமல் தடுத்தார்கள். 1910-ல் பத்திரிகை நின்றது.

வெள்ளைக்காரன் போய்விட்டான், கத்தரிக்கோல் போகவில்லை! 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச் சித்திரத்துக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. மறு மாதம் சென்னை ஐகோர்ட்டு, "அந்தப் படத்தை எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கலாம்" என்றது.

ஆசிரியர் கையிலும் கத்தரி

சர்க்கார் மட்டுமா வெட்டுகிறது? சில நேரம் பத்திரிகைகளே வெட்டுகின்றன. மதம் என்று வந்தால் கை நடுங்குகிறது.

அமெரிக்காவில் ‘பி.சி.’ என்று ஒரு சித்திரக் கதை. அதில் கிறிஸ்தவ பக்திக் கருத்து இருந்தது என்பதற்காக 1996-ல் ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ அதை ஒதுக்கியது. ‘ஓபஸ்’ என்று இன்னொரு கதை. அதில் ஒரு பெண் இஸ்லாமிய உடை அணிந்து வருகிறாள். 2007-ல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ உள்பட சுமார் 25 பத்திரிகைகள் அதை வெளியிடவில்லை.

ஒன்று பக்தி அதிகம் என்று நின்றது. மற்றது மனம் புண்படும் என்று நின்றது. இரண்டிலும் வாசகரை யாரும் கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அப்படியானால் மதத்தை எப்படி வேண்டுமானாலும் இழிவு செய்யலாமா? கூடாது. 1927-லேயே அதற்குச் சட்டம் வந்தது. இன்றும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-வது பிரிவாக அது இருக்கிறது. ஆனால் 1957-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு எல்லை போட்டது. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்துடன் மதத்தை இழிவு செய்தால்தான் குற்றம். தெரியாமலோ, கவனக் குறைவாலோ நடந்தால் இந்தப் பிரிவு பாயாது.

சாமியைக் காட்டி ஓட்டுக் கேட்பது? அதற்கும் 1951-ம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தில் தடை இருக்கிறது. 2017 ஜனவரியில் 7 நீதிபதிகள் கூடி இதை விசாரித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். வேட்பாளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தவறு. வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தவறு. 4 பேர் ஒரு பக்கம், 3 பேர் மறு பக்கம். அவ்வளவு சிக்கலான விஷயம்!

இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். தலைவர்களைத் தெய்வமாகவும் ராஜாவாகவும் காட்டும் சுவரொட்டிகள் மதுரைச் சுவர்களுக்குப் புதிதல்ல. சாமி வேடம் போட்டு அரசியல்வாதி வருகிறார். அவரைக் கேலி செய்து ஒருவர் படம் போடுகிறார். உடனே, "சாமியைக் கேலி செய்து விட்டான்!" என்று கூச்சல் எழுகிறது. கேலி சாமிக்கா, வேடத்துக்கா? பிரித்துப் பார்க்காவிட்டால், அரசியல்வாதி சாமிக்குப் பின்னால் ஒளிந்து கொள்வார்.

மூன்று கேள்விகள்

வீட்டில் குழந்தைகளுடன் பத்திரிகை படிக்கும்போது, ஒரு படம் கோபம் மூட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள்.

படம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? பதவியில் இருப்பவரையா, எளியவரையா?

அது ஒருவரின் பக்தியைப் பழிக்கிறதா, பக்தியை வைத்து ஓட்டு வாங்குவதைப் பழிக்கிறதா?

"படத்தைத் தடை செய்" என்று கத்துகிறவருக்கு அதனால் என்ன லாபம்?

பதில் கிடைத்தால் பாதிக் கோபம் தணிந்து விடும். மீதிக் கோபம் நியாயமானதாக இருந்தால், பத்திரிகைக்குக் கடிதம் எழுதலாம், கோர்ட்டுக்கும் போகலாம். கல் எடுக்க வேண்டியதில்லை.

பிடிக்காத படத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கம் போக வாசகரால் முடியும். வெட்டி எறிந்த படத்தை அவரால் பார்க்க முடியாது. எது நல்லது, எது கெட்டது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தானே!