நுங்கம்பாக்கம் போகாமல் ஒரு ஸ்பானிஷ்

தென்சென்னையில் இன்னொரு மொழி படிப்பது என்றால் ரொம்ப காலத்துக்கு அது பரீட்சை எழுதுவதுதான். பிராத்மிக், மத்தியமா, ராஷ்டிரபாஷா, பிரவேசிகா, விசாரத், பிரவீண் என்று ஒவ்வொரு படியாக ஏறுவார்கள். எந்தப் படியில் நின்றார்கள் என்பது ஜாதகத்தோடு கொடுத்தனுப்பும் குறிப்பில்கூட வந்துவிடும். பரீட்சை நடத்துவது தி.நகர் தணிகாசலம் சாலையில் இருக்கும் தட்சிண பாரத இந்தி பிரச்சார சபா. 1918இல் காந்தி தொடங்கிய அமைப்பு. முதல் வகுப்பை அன்னி பெசன்ட் தொடங்கிவைத்தார். பாடம் சொல்லித்தர வந்தவர் காந்தியின் மகன் தேவதாஸ். சபா தி.நகருக்குக் குடிவந்தது 1936இல். அடுத்த வருடமே பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்குவதை எதிர்த்துப் போராட்டம் கிளம்பியது. 1965இல் மாநிலமே கொந்தளித்தது. தெருவில் இந்திப் பெயர்ப்பலகைக்குத் தார் பூசுவார்கள். அதே தெருவில் நாலு வீடு தள்ளி, கூடத்தில் பாய் விரித்து இந்தி டியூஷன் நடக்கும். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்வதில் இந்த ஊருக்குப் பெரிய சிரமம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கூடத்து டியூஷனைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் அப்படி எத்தனையோ வீடுகள் இருந்தன. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். பாடம் சொல்லித்தரும் மாமி உள்ளே குழம்பைக் கிளறிக்கொண்டிருப்பார். ஆனால் கூட்டத்தில் யாரோ ஒருவன் தப்பாகச் சொன்னது அடுப்படிவரை கேட்டுவிடும். "கா இல்லடா, கீ!" என்று அங்கிருந்தே குரல் வரும். மொத்தக் கூட்டமும் சிரிக்கும். அந்தப் பையன் 'கீ'யை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான். பாடப்புத்தகம் இந்தியில் இருந்தாலும் விளக்கம் முழுக்கத் தமிழில்தான். "நம்ம பாஷைல மேஜைக்கு ஆண் பெண் கிடையாது, அவாளுக்கு உண்டு" என்று ஆரம்பித்தால் முடிந்தது.

டியூஷனுக்குப் போக முடியாதவர்களுக்குப் பாலாஜி பப்ளிகேஷன்ஸின் '30 நாட்களில்' வரிசைப் புத்தகங்கள் இருந்தன. இந்தி, தெலுங்கு, கன்னடம் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் உச்சரிப்போடு போட்டு, பக்கத்திலேயே தமிழ் அர்த்தம் தந்த புத்தகங்கள். முப்பது நாளில் யாரும் எதையும் கற்றுக்கொண்டதில்லை. ஆனால் மும்பைக்கோ ஹைதராபாத்துக்கோ வேலைக்குப் போனவர்களின் பெட்டியில் அது இருக்கும்.

வெளிநாட்டு மொழி வேண்டுமென்றால் நுங்கம்பாக்கம் போக வேண்டும். பிரெஞ்சுக்குக் கல்லூரிச் சாலையில், 1953இல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ். ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவன். ரஷ்ய மொழி மட்டும் மயிலாப்பூர்க்காரர்களுக்குக் கிட்டத்தில், ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் கிடைத்தது. மாலை ஆறரை வகுப்புக்கு அடையாறிலிருந்து பஸ் மாறிப் போய்த் திரும்பினால் ஒன்பது மணி. அத்தனை நேரம் வெளியே இருக்க எல்லா வீட்டிலும் எல்லாப் பெண்களையும் விட்டுவிடவில்லை என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் பொற்காலத்தைப் பற்றிப் பேச வேண்டும். இதற்கு நடுவே பிளஸ் டூவில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்து மார்க்கை அள்ளிய ஒரு பெருங்கூட்டம் தனி. பிரெஞ்சில் நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் வாங்கிவிட்டு ஒரு காபி கேட்கத் தெரியாதவர்களை இன்றும் தி.நகரில் தெருவுக்கு நாலு பேர் பார்க்கலாம்.

ஸ்பானிஷுக்கு அப்படி ஒரு விலாசம் இந்த ஊரில் அமையவில்லை. இருபது நாடுகளில் ஆட்சிமொழி. ஆனாலும் அதைப் பரப்ப ஸ்பெயின் அரசு இன்ஸ்டிடியூட்டோ செர்வாண்டஸைத் தொடங்கியதே 1991இல்தான். இந்தியாவில் அதன் மையம் 2009இல் தில்லியில் வந்தது, சென்னைக்கு வரவில்லை. ஆனால் அடையாறில் வெகுகாலம் முன்பே ஸ்பானிஷ் ஒலித்திருக்க வேண்டும். அங்கே தலைமையகம் கொண்ட தியசாபிகல் சொசைட்டியின் தலைவராகப் பின்னாளில் இருந்த, இலங்கையில் பிறந்த சி. ஜினராஜதாசர் தென் அமெரிக்கா முழுக்கச் சுற்றி ஸ்பானிஷிலும் போர்த்துகீசிலும் சொற்பொழிவு செய்தவர். அது பெரிய மனிதர்களின் வட்டம். மற்றபடி மெட்ராஸ்வாசிக்கு ஸ்பானிஷ் என்றால் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த லிங்குவாஃபோன் கேசட், மூர் மார்க்கெட்டிலோ லஸ் நடைபாதையிலோ தட்டுப்பட்ட, அட்டை போன இலக்கணப் புத்தகம், அவ்வளவுதான்.

விசித்திரம் என்னவென்றால், அதே காலத்தில் தமிழ்ச் சிறுபத்திரிகைக்காரர்கள் ஸ்பானிஷ் இலக்கியத்தில் மூழ்கிக் கிடந்தார்கள். பிரம்மராஜன் போர்ஹேஸைக் கொண்டுவந்தார், சுகுமாரன் நெரூதாவை. டீக்கடையில் மார்க்கேஸ் பேசியவர்களில் எத்தனையோ பேருக்கு ஸ்பானிஷில் ஒன்று இரண்டு எண்ணத் தெரியாது. எல்லாம் ஆங்கிலத்தின் வழியே வந்தது. ஆங்கிலம் வழியான அந்தப் பாதை பிறகு ஸ்பானிஷ் பாடப்புத்தகத்துக்கும் வந்து சேர்ந்தது.

மாற்றம் 2000க்குப் பிறகு தொடங்கியது. தரமணியில் டைடல் பார்க் திறந்தது அந்த வருடம். அமெரிக்க வாடிக்கையாளர்கள், அவர்களுடைய மெக்சிகோக் கிளை, கொலம்பியக் கிளை என்று ஒவ்வொன்றாக வர, பயோடேட்டாவில் ஸ்பானிஷ் என்ற ஒரு வரிக்கு மதிப்பு கூடியது. பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் இருந்த மரியாதை இல்லாவிட்டாலும் வேலை இருந்தது. 2012இல், இணையத்தில் மொழி கற்பிக்கும் டுயோலிங்கோ எல்லோருக்கும் திறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லூயிஸ் ஃபோன் ஆன் குவாத்தமாலாக்காரர், ஸ்பானிஷ் பேசி வளர்ந்தவர். வலென்சியாவின் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் ஆரம்பநிலை ஸ்பானிஷை எட்எக்ஸ் இணையதளத்தில் வைத்தது. இங்கே கிண்டியில் ஐஐடி மெட்ராஸ்கூட என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டத்தில் ஜெர்மன் பாடம் நடத்துகிறது. 2020 ஊரடங்கில் நுங்கம்பாக்கத்து வகுப்புகளே திரைக்குள் போன பிறகு, விலாசம் இல்லாத மொழி, விலாசம் உள்ள மொழி என்ற வித்தியாசம் அற்றுப்போனது. வீட்டில் அடைந்து கிடந்து 'மணி ஹெய்ஸ்ட்' என்ற ஸ்பானிஷ் தொடரைப் பார்த்த இளசுகள் பாதிப் பேர் அந்த ஊரடங்கிலேயே ஏதோ ஒரு மொழி ஆப்பை இறக்கினார்கள்.

இன்றைக்கு அடையாறில் ஒரு பெண் காலை ஏழு மணிக்கு டிகாஷன் இறங்குவதற்குள் லேப்டாப்பைத் திறக்கிறாள். மெக்சிகோ சிட்டியில் அப்போது முந்தின நாள் இரவு ஏழரை. ஆசிரியை சாப்பாட்டுக்கு முன் கடைசி வகுப்பு எடுக்கிறார். இங்கே குக்கர் விசில் அடிக்க, இவள் அவசரமாக மியூட்டைத் தட்டுகிறாள். "என்னை மேம் என்று கூப்பிடாதே" என்று ஆசிரியை மூன்றாவது வகுப்பிலும் சொல்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட இவளுக்கு வாய் வரவில்லை. 'தூ', 'உஸ்தேத்' என்று நீயும் நீங்களும் அந்த மொழியில் உண்டு என்று தெரிந்ததும் இவள் 'உஸ்தேத்'தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். ராத்திரி ஒன்பது மணிக்கு நுங்கம்பாக்கத்திலிருந்து பஸ் பிடிக்க வேண்டாத முதல் தலைமுறை இது. இந்த ஒன்றுக்காகவே இணைய வகுப்பைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் குழுவாக நடக்கும் இணைய வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்று காணாமல் போயிருப்பது தெரியும். ஆசிரியர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, "திருப்பிச் சொல்லுங்கள்" என்கிறார். ஜூமில் பத்துப் பேர் சேர்ந்து சொல்ல முடியாது. ஒவ்வொருவர் குரலும் அரை நொடி முன்பின்னாக வந்து இரைச்சலாகிவிடும். அதனால் எல்லோரும் மியூட்டில் சொல்கிறார்கள். கேமராவும் அணைந்திருக்கிறது. பத்துக் கறுப்புக் கட்டங்கள். ஒரு சத்தம் இல்லை. சொன்னார்களா, வாட்ஸாப் பார்த்தார்களா என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். 'பெரோ' என்றால் ஆனால். நடுவில் ரகரத்தை உருட்டி 'பெர்ரோ' என்றால் நாய். தப்பாகச் சொன்னவரைத் திருத்த அடுப்படியிலிருந்து குரல் வராது. ஆப்பிலோ இன்னும் சௌகரியம்: இப்போது பேச முடியாது என்று ஒரு பொத்தானை அழுத்தினால், பேசாமலேயே மொழி படிக்கலாம். டுயோலிங்கோவின் பச்சை ஆந்தை கோபித்துக்கொள்ளாது; நாள் தவறினால்தான் கோபம். நானூறு நாள் விடாமல் தட்டியவர்கள் இருக்கிறார்கள். வாயைத் திறந்தால் "ஓலா"வுக்கு மேல் நகர்வதில்லை.

பரீட்சை மட்டும் போகவில்லை. ஏ1, ஏ2 என்று ஐரோப்பியக் கவுன்சில் 2001இல் வகுத்த படிகளை, பிராத்மிக்கையும் மத்தியமாவையும் ஏறிய அதே வேகத்தில் இந்த ஊர் ஏறுகிறது. டெலே, சியேலே என்ற சான்றிதழ்களின் பெயர் மொழியின் முதல் பத்து வார்த்தைகளுக்கு முன்பே தெரிந்திருக்கும். டெலே வாங்கினால் ஆயுசுக்கும் செல்லும், சியேலே ஐந்து வருடம்தான் என்பதுவரை விசாரித்துவிட்டுத்தான் சேர்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. ஆப், புத்தகம், தில்லி ஆசிரியர், மெக்சிகோ ஆசிரியை எல்லோரும் நமக்கு ஸ்பானிஷை ஆங்கிலத்தில் விளக்குகிறார்கள். 'மே குஸ்தா எல் கஃபே' என்பது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு ஒரு பெரிய மலை. அவர்கள் மொழியில் காபியை விரும்புகிறவர்தான் எழுவாய். ஸ்பானிஷிலோ காபி எழுவாயாகி, மனிதர் 'எனக்கு' ஆகிவிடுகிறார். அதனால் ஒரு பாடம் முழுக்க, வாக்கியத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள், காபி உங்களுக்கு இன்பம் தருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொல்லித்தருகிறார்கள். நம் பிள்ளைகளும் பயபக்தியோடு தலைகீழாகத் தொங்குகிறார்கள். எனக்குக் காபி பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம். 'மே துவேலே லா கபேசா': எனக்குத் தலை வலிக்கிறது. வினையின் வாலிலேயே யார் என்பது இருப்பதால் 'நான்' தேவையில்லை என்பதற்கு இன்னொரு பாடம். 'பேசுகிறேன்' என்று சொல்கிறவர்களுக்கு அது எதற்கு? உச்சரிப்பும் அப்படித்தான். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் d எழுத்தை ஸ்பானிஷ்காரர்கள் மென்மையாக்குவதைப் படம் போட்டு விளக்குகிறார்கள். 'அது' என்று சொல்லிப் பார்த்தால் வந்துவிடுகிற ஒலி அது.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்கும் என்று சொல்லவில்லை. மேஜை பெண், புத்தகம் ஆண் என்ற விவகாரத்தில் நாம் நிராயுதபாணிதான். அங்கே மத்தியமா பாஸ் பண்ணியவர்கள் ஜெயிக்கிறார்கள். எந்தப் பொருளுக்கும் ஆண், பெண் இருக்கலாம் என்ற அநியாயம் அவர்களுக்கு ஏற்கெனவே பழகிவிட்டது.

எனக்குத் தெரிந்த மயிலாப்பூர் மாமி ஒருவர் இந்தக் கடைசி வகை. விசாரத்வரை எழுதியவர். டல்லாஸில் பேத்தி பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் எடுத்திருக்கிறாள் என்று இவரும் ஓர் ஆரம்ப வகுப்பில் சேர்ந்தார். வகுப்பில் எழுபது தாண்டியவர் அவர் ஒருவர்தான். கேமராவை அணைக்காதவரும் அவர் ஒருவர்தான். காபி இன்பம் தருகிற பாடம் வந்த அன்றைக்கு முழுசாகக் கேட்டுவிட்டு, "பிடிக்கும்னு சொல்றதுக்கா முக்கால் மணி நேரம்?" என்றார், மியூட்டை எடுத்துவிட்டே. பிறகு ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து, இடது பக்கம் ஸ்பானிஷைத் தமிழ் எழுத்தில், வலது பக்கம் தமிழில் என்று நாற்பது வாக்கியம் எழுதி, போட்டோ பிடித்து, கூடப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அனுப்பினார். இப்போது அந்த நோட்டு பிடிஎஃப் ஆகி அடுத்த பேட்சுக்கும் போயிருக்கிறது. தில்லியில் இருக்கும் ஆசிரியர், சென்னை மாணவர்களுக்கு மட்டும் 'குஸ்தா' எப்படி இவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று அவர்களையே கேட்டாராம். யாரும் சொல்லவில்லை.