டெவில் முட்டையும் நான் சொன்ன தீர்ப்பும்

போன குளிர்காலத்தில் நம் சங்கம் நடத்திய பிக்னிக்கில், சமையல் போட்டிக்கு என்னை நடுவராகப் போட்டுவிட்டார்கள். ரயில்வேயில் தண்டவாளம் பார்த்து ஓய்வு பெற்றவனுக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். லைனில் இருந்த காலத்தில் ஸ்டவ்வைப் பற்ற வைத்து நானே முட்டை அவித்துச் சாப்பிட்டவன். அது ஒன்றுதான் தகுதி!

போட்டிக்குத் தலைப்பு, 'முட்டை டெவில்'. கொல்கத்தாவில் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அவித்த முட்டையைக் கொத்துக்கறியால் மூடி, ரொட்டித்தூளில் புரட்டி, எண்ணெயில் பொரித்தெடுப்பது. ஏழு தட்டுகளில் ஆறு இந்த வகைதான். ஏழாவது மட்டும் வேறு. பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் முட்டையை இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவைப் பிசைந்து திரும்ப நிரப்பி, பொரிக்காமல் வைத்திருந்தான்.

"அங்கிள், மேலே தூவறதை நீங்க சாப்பிடறப்பதான் போடணும். இப்ப போட்டுக்கட்டுமா?" என்று கேட்டான். "நேரம் முடிந்த பிறகு தட்டைத் தொடக்கூடாது, தம்பி. எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்றேன். அவன் மறு பேச்சுப் பேசாமல் உடனே தூவிவிட்டு நகர்ந்தான். ஆறு காரமான தட்டுகளை முடித்து, ஒன்றரை மணி நேரம் கழித்து அவனுடையதை வாயில் வைத்தேன். சவசவவென்று இருந்தது. "இது டெவிலே இல்லையே" என்று சொல்லிக் கடைசி மார்க் போட்டேன். அவன் அப்பா சிரித்தார். பையன் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஆறவில்லை. ஆங்கிலச் சமையலில் 'டெவில்' என்பது காரமும் கடுகுமாகச் செய்த பண்டத்துக்குப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வழங்கிய பெயர். பொரிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அப்படிப் பார்த்தால் பையன் செய்ததுதான் பழைய டெவில்! அவனுக்குப் போன் செய்து முறையைக் கேட்டு நானே செய்தேன்.

ஆறு முட்டைகள். அன்று வாங்கிய முட்டை சரியாக உரிபடாது. ஒரு வாரம் ஆனது நல்லது. கொதிக்கிற தண்ணீரில் மெதுவாக இறக்கி 12 நிமிடம். எடுத்ததும் குளிர்ந்த நீரில் 10 நிமிடம். அதிக நேரம் வெந்தால் வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து, மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் கட்டிவிடும். தையல் நூலால் வெட்டினால் பிசிறில்லாமல் வரும். மஞ்சள் கருவை டீ வடிகட்டியில் தேய்த்து மாவாக்கி, துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் மூன்று ஸ்பூன், கடையில் விற்கும் காசுந்தி ஒரு சின்ன ஸ்பூன், பொரித்து நொறுக்கிய மோர் மிளகாய் இரண்டு சேர்த்துப் பிசைய வேண்டும். மிளகாயிலேயே உப்பு இருப்பதால் ருசி பார்த்த பிறகே உப்பு. நிரப்பி வைத்து, பரிமாறும்போது மட்டும் இன்னொரு மோர் மிளகாயையும் பொரித்த கறிவேப்பிலையையும் நொறுக்கித் தூவ வேண்டும். செய்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

"பிக்னிக் முடிஞ்சு பரிசும் குடுத்தாச்சு, இப்ப எதுக்கு இந்த ஆராய்ச்சி?" என்றாள் என் மனைவி.

ஒன்றைத் தூவியவுடன் சாப்பிட்டேன். மொறுமொறுப்பு முதலில், பிறகு தயிரின் புளிப்பு, கடைசியில் காசுந்தி மூக்கில் ஏறியது. இன்னொன்றைத் தூவி ஒன்றரை மணி நேரம் வைத்துச் சாப்பிட்டேன். பிக்னிக்கில் தின்ற அதே சவசவப்பு! முட்டையில் குறையில்லை, நான் போட்ட சட்டத்தில்தான் குறை.

நீளத் தண்டவாளத்தில் வேலை செய்யும்போது அதன் வெப்பநிலையையும் குறித்துக்கொள்வோம். விடியற்காலையில் இருக்கிற தண்டவாளம் வேறு, உச்சி வெயிலில் இருக்கிறது வேறு. அத்தனை வருடம் அதைச் செய்தவன், ஒரு முட்டைக்கு அந்த நியாயத்தைக் கொடுக்கவில்லையே!

மறு ஞாயிறு பையனை வீட்டுக்கு அழைத்து, அவன் முறையில் நான் செய்ததைக் கொடுத்தேன். தவறு என்னுடையது என்பதையும் சொன்னேன். அவன் நிதானமாக மென்றுவிட்டு, "நல்லா இருக்கு அங்கிள். காசுந்திதான் கொஞ்சம் ஜாஸ்தி. பத்துக்கு ஏழு" என்றான்.

சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த போட்டியில் ஒவ்வொருவரும் தம் தட்டை நடுவர் முன்னால் முடித்துக் கொடுக்க அனுமதியுங்கள். காரம் குறைந்தது முதலில், கூடியது பின்னால் என்று வரிசை வையுங்கள். நடுவுக்கு நடுவே ஒரு வாய் தயிர் சாதமும் இருக்கட்டும். அந்தப் பையன் மறுபடி கலந்துகொள்ளச் சம்மதித்திருக்கிறான். நடுவராக மட்டும் வேறு ஒருவரைப் போடுங்கள்.