மயிற்பீலியின் நீலம்

தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நகரத்தார் பாதயாத்திரையாகச் சுமந்து செல்லும் காவடிகளில் செருகப்பட்டிருக்கும் மயிற்பீலிகள், ஆண்டுகள் பல கடந்தும் துணிச்சாயம் வெளுப்பதைப் போல எளிதில் வெளுத்துவிடுவதில்லை. மயில் வடிவக் குன்றின் மேல் முருகன் கோயில் கொண்டிருக்கும் குன்றக்குடியும் அதைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களும் தலைமுறைகளாகப் போற்றிவரும் அந்தப் பீலியில், நீலச் சாயம் என்று எதுவும் இல்லை என்பதே அதன் நிறம் நிலைப்பதற்குக் காரணம்.

பறவையின் அலகும் நகமும் எந்தப் புரதத்தால் ஆனவையோ அதே கெரட்டின்தான் இறகுக்கும் மூலப்பொருள். நடுத்தண்டிலிருந்து இருபுறமும் இழைகள் பிரிகின்றன. ஒவ்வோர் இழையிலிருந்தும் நுண்ணிழைகள் கிளைக்கின்றன. பறப்பதற்கு உதவும் இறகுகளில் இந்த நுண்ணிழைகள் சிறு கொக்கிகளால் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் காற்றைத் தள்ளக்கூடிய உறுதியான தகடு உருவாகிறது. மயிற்பீலியிலோ இரண்டு அமைப்புகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. தண்டின் நெடுகிலும் இழைகள் கொக்கியின்றித் தளர்ந்து தொங்க, நுனியிலுள்ள 'கண்' பகுதியில் மட்டும் அவை கொக்கிகளால் இறுகப் பிணைந்துள்ளன. ஆண்மயில் தோகையை விரித்து விநாடிக்கு ஏறத்தாழ 25 முறை அதிரச் செய்யும்போது, சுற்றியுள்ள தளர்ந்த இழைகள் மினுமினுக்க, கண்கள் மட்டும் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றுவது இதனால்தான். தோகை என்பது மயிலின் வாலுமன்று; வாலின் மேற்பகுதியை மூடும் இறகுகளே அவ்வாறு நீண்டு வளர்கின்றன, உண்மையான வால் அவற்றின் பின்னே குட்டையாக நின்று தாங்குகிறது.

நிறத்தின் இரகசியம் நுண்ணிழைக்குள் இருக்கிறது. அங்கே மெலனின் என்னும் கரும்பழுப்பு நிறமி, மிகச் சிறிய கோல்களாகக் கெரட்டினுக்குள் ஒழுங்கான வரிசைகளில் அடுக்கப்பட்டிருக்கிறது. கோல்களுக்கு இடையிலான தொலைவே எந்த நிற ஒளி வலுவாகத் திரும்பிவரும் என்பதைத் தீர்மானிக்கிறது. நம் நாட்டு மயிலின் நெருங்கிய உறவான பச்சை மயிலை ஆராய்ந்து 2003-இல் வெளியான சீன ஆய்வின்படி, நீலப் பகுதியில் இத்தொலைவு சுமார் 140 நானோமீட்டர், பச்சையில் சுமார் 150. ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர் என்பதை எண்ணிப் பார்த்தால், பத்து நானோமீட்டர் வேறுபாடு ஒரு நிறத்தையே மாற்றிவிடுவது உண்மையிலேயே வியக்கத்தக்கது. நீரில் நனைத்தால் மயிலிறகின் நிறம் மறைவதை இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக் 1665-லேயே பதிவு செய்திருந்தார். சர் சி. வி. இராமனும் 1934-இல், நம் ஊர் மின்கம்பிகளில் அமர்ந்திருக்கும் பனங்காடையின் நீல இறகை ஆராய்ந்து, பறவை இறகுகளின் நிறம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

எல்லா இறகும் அழகுக்காக அமைந்ததன்று. திருப்பத்தூருக்கு அருகே, 1977 முதல் சரணாலயமாக விளங்கும் வேட்டங்குடிக் கண்மாய்களில் நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்துகிறது; அதன் இறகின் வெளிப்பகுதி நீரில் நனைவதால் மிதக்கும் தன்மை குறைந்து, மூழ்கி மீன் பிடிப்பது எளிதாகிறது.

ஆண்டுதோறும் இனப்பெருக்கப் பருவம் முடிந்ததும் மயில் தன் தோகையை உதிர்த்துவிடும். இயல்பாக உதிர்ந்த பீலியை உள்நாட்டில் விற்பதற்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது; மயிலைக் கொன்று பறிப்பதோ கடும் குற்றம். இரண்டையும் வேறுபடுத்த அடித்தண்டைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும்: உதிர்ந்ததன் முனை உலர்ந்து தூய்மையாக இருக்கும், பறித்ததன் முனையில் இரத்தமோ தசைத்துணுக்கோ ஒட்டியிருக்கும்.